வேலியோர மண்

(உலக மண் நாளையொட்டி, கொங்குப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் உழவர்களும் பள்ளி மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் மண்ணியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. இந்த மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் வைத்திருக்கிறேன். பக்கத்தில், செய்தித்தாளில், நெல்லிக்காய் அளவில் இரண்டு மண்கட்டிகள். இரண்டும் நன்றாகக் காய்ந்தவை. இரண்டும் செம்மண். போன வாரம் ஒரே தோட்டத்தில் எடுத்தேன். ஒன்று, மக்காச்சோளம் அறுத்த வயலின் நடுவிலிருந்து. இன்னொன்று, அதே வயலின் எல்லையில் நிற்கும் கிளுவை வேலியின் அடியிலிருந்து. இரண்டுக்கும் இடையே இருபது தப்படி இருக்கும். வேலியை நட்டவர் இப்போது அங்கே பண்ணையம் பார்ப்பவரின் தாத்தா. அவர் நட்ட நாளிலிருந்து அந்த இடத்தில் ஏர் ஓடியதில்லை, டிராக்டர் ஏறியதில்லை.

முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற கண்ணு, இங்கே வா. இரண்டு கட்டியையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் போடு. கலக்காதே.

(மாணவி கட்டிகளை நீரில் இடுகிறார்.)

பார்த்தீர்களா? வயல் கட்டியிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வருகிறது. ஓரம் உதிர்கிறது. இதோ, பொதுக்கென்று உட்கார்ந்துவிட்டது. கட்டி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, டம்ளரின் அடியில் சேறுதான். வேலியோரக் கட்டியிலும் குமிழி வந்தது. ஆனால் அது போட்ட இடத்தில் போட்டபடி இருக்கிறது. டம்ளர்கள் இப்படியே இருக்கட்டும், பேச்சு முடியும்போது மறுபடி பார்ப்போம். நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த இருபது தப்படிக்குள் இருக்கிறது.

வாய்த்த வாகு

மண்ணில் நமக்கு வாய்த்தது ஒன்று, நாம் ஆக்குவது ஒன்று. வாய்த்ததை உழவர்கள் ‘மண் வாகு’ என்கிறார்கள். மணல் எவ்வளவு, வண்டல் எவ்வளவு, களி எவ்வளவு என்ற கணக்குத்தான் அது. 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை உள்ள துகள் மணல். அதற்குக் கீழே 0.002 வரை வண்டல். அதற்கும் கீழே போனால் களி. பாறை, மழை, வெயில், மேடுபள்ளம், செடிகொடி எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் செய்துவைத்த கலவை இது. ஒரு போகத்தில் இதை மாற்ற முடியாது.

களி பொடிசாக இருப்பதில் என்ன விசேஷம்? பரப்பு. கரிசல் மண்ணில் இருக்கும் களி வகைக்கு மாண்ட்மோரில்லோனைட் என்று பெயர். தாள் தாளாக அடுக்கிய புத்தகம் போன்றது. அதில் ஒரு கிராம் எடுத்து எல்லாத் தாளையும் விரித்தால் 600 சதுர மீட்டருக்கு மேல் வரும். நம் கணக்கில் 15 சென்ட் நிலம், ஒரு சிட்டிகை மண்ணுக்குள்! நம் செம்மண்ணில் அதிகம் இருப்பது கயோலினைட் என்ற வேறு களி. அதில் ஒரு கிராமை விரித்தால் அரை சென்ட் தேறுவது கடினம். கரிசல் மழையைக் குடித்து உப்பி, கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பதும், செம்மண் வெடிக்காமல் ஆனால் சீக்கிரம் காய்வதும் இதனால்தான்.

இந்தப் பரப்பில்தான் மண்ணின் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. 1840-களில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எச். எஸ். தாம்சன் என்ற நிலக்கிழார் ஒரு சோதனை செய்தார். மண் நிரப்பிய குழாயின் மேலே அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினார். கீழே வடிந்த நீரில் அம்மோனியா பெரும்பாலும் இல்லை, அதற்குப் பதில் ஜிப்சம் வந்தது. மண் அம்மோனியாவைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னிடம் இருந்த சுண்ணாம்புச் சத்தை வெளியே விட்டிருக்கிறது. ஜே. டி. வே என்ற வேதியியலார் 1850-இல் இதை விரிவாக ஆராய்ந்து, இது களியின் வேலை என்று காட்டினார். களியின் மேல் எதிர்மின்சுமை இருக்கிறது. நேர்மின்சுமை உள்ள அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு, வேர் கேட்கும்போது கைமாறுகின்றன. நைட்ரேட்டுக்கு எதிர்மின்சுமை. அதனால் ஒட்டாது, தண்ணீரோடு போய்விடும்.

கரிசல் பெரிய மண்டிக்கடை, சரக்கு நிறைய இருப்பு வைக்கும். செம்மண் தெருமுனைப் பெட்டிக்கடை. ஒரே நாளில் லாரி நிறையச் சரக்கை இறக்கினால் பெட்டிக்கடைக்காரர் எங்கே வைப்பார்? தெருவில்தான் கிடக்கும். செம்மண்ணுக்கு உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

ஆக்கிய பொலபொலப்பு

இனி நாம் ஆக்குவது. டம்ளரில் இருக்கும் இரண்டு கட்டிகளுக்கும் வாகு ஒன்றுதான். ஒன்று கரைந்து, ஒன்று நிற்பது ஏன்? மணலும் வண்டலும் களியும் செங்கல், ஜல்லி, சிமெண்ட் மாதிரி. குவித்து வைத்தால் வீடு ஆகாது, கட்ட வேண்டும். மண்ணில் கொத்தனார் வேலை பார்ப்பவை வேரும் பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்புழுவும். வேர் கசியவிடும் பசையும், பாக்டீரியாவின் கோழையும், பூஞ்சையின் நூலும் துகள்களைக் கோத்துச் சின்னச் சின்ன உருண்டைகளாக்குகின்றன. கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும் மண் என்கிறோமே, அதுதான். தண்ணீர் வேகமாக நுழையும்போது உள்ளே அடைபட்ட காற்று வெளியேற முண்டும். கட்டு இருந்தால் உருண்டை தாங்கும், இல்லாவிட்டால் வெடித்துச் சிதறும். நீங்கள் பார்த்த குமிழி அந்தக் காற்றுதான்.

சார்லஸ் டார்வினின் கடைசி நூல் 1881-இல் வந்தது. குரங்கைப் பற்றியது அல்ல, மண்புழுவைப் பற்றியது. இங்கிலாந்தின் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் மண், புழுக்களின் வயிறு வழியாகப் போய் மேலே வருகிறது என்று அதில் கணக்குச் சொன்னார். உயிரினங்களின் தோற்றத்தையே எழுதிய மனிதர், மண்புழுவின் எச்சத்தை எடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை மாணவர்கள் யோசித்துப் பாருங்கள்.

நல்ல மண்ணில் பாதி வெற்றிடம். கனிமம் 45 விழுக்காடு, அங்ககப் பொருள் அதிகம் போனால் 5, தண்ணீர் 25, காற்று 25 என்பது பாடநூல் சொல்லும் உத்தம மண். வேர் மண்ணுக்குள் வாழ்வதில்லை, மண்ணின் ஓட்டைகளுக்குள் வாழ்கிறது. நாம் விலை கொடுத்து வாங்கும் உரமும், ஆயிரம் அடியிலிருந்து இறைக்கும் தண்ணீரும் இந்த ஓட்டை வழியாகத்தான் வேருக்குப் போக வேண்டும்.

ஓட்டையை அடைத்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்தேன். ஒரு பருத்தித் தோட்டம். “ஏனுங்க சார், உரத்துக்குக் கொறையில்லை, தண்ணிக்கும் கொறையில்லை. செடி மட்டும் ஏறவே மாட்டேங்குதுங்க” என்றார் தோட்டக்காரர். ஒரு செடியைச் சுற்றித் தோண்டி வேரோடு எடுத்தோம். ஆணிவேர் ஒரு சாண் நேராக இறங்கி, அங்கிருந்து ‘ட’ எழுத்து மாதிரி மடங்கிப் பக்கவாட்டில் போயிருந்தது. கடப்பாரையை இறக்கினேன். ஒரு சாண் வரை வெண்ணெய், அப்புறம் தார்ச் சாலை. வருடக்கணக்காக ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டர் ஓடி, டிராக்டர் ஏறி ஏறி அடியில் ஒரு தட்டு இறுகிப்போயிருந்தது. தண்ணீர் அதற்குக் கீழே இறங்கவில்லை, வேரும் இறங்கவில்லை. அவர் போட்ட உரமெல்லாம் மூடிய கதவுக்கு முன்னால் வைத்த சாப்பாடு.

இப்படித் தட்டு விழுந்த நிலத்துக்குக் கோடையில், மண் காய்ந்திருக்கும்போது, உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டச் சொல்கிறது வேளாண் பரிந்துரை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். ஈரத்தில் ஓட்டினால் தட்டு உடையாது, பிசைந்து இன்னும் இறுகும். உடைத்த பிறகு எரு போட வேண்டும், ஆழமாக வேர் விடும் பயிர் வைக்க வேண்டும். இரும்பு பிளந்து விடும். பிளந்ததைத் திறந்து வைத்திருப்பது வேரின் வேலை.

கரிமக் கணக்கு

கொத்தனாருக்குக் கூலி? கரிமம். மண்ணைச் சோதித்துத் தரும் மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் என்று ஒரு வரி இருக்கும். 0.5 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேலே என்றால் அதிகம். நம் மானாவாரிச் செம்மண் நிலங்களில் முதல் வகைதான் சாதாரணம்.

0.3-ஐ 0.4 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிதானே என்று தோன்றும். கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கரில் அரை அடி ஆழத்துக்கு மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. அதில் 0.1 விழுக்காடு 900 கிலோ கரிமம். நிலைத்த மக்காகப் பார்த்தால் ஒன்றரை டன். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போடுகிறோம். பாதி ஈரம் என்று கழித்தால் இரண்டரை டன். அதில் கரிமம் மூன்றில் ஒரு பங்கு என்றால் 800 கிலோ சொச்சம். அதிலும் பெரும்பகுதியை நம் வெயிலில் நுண்ணுயிர்கள் தின்று, கரியமில வாயுவாக மூச்சு விட்டுவிடும். கொஞ்சம்தான் தங்கும். ஆக, அந்த ஒரு புள்ளி ஏற, ஆண்டு தவறாமல் எரு அடித்தாலும் பல வருடம் ஆகும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு லிட்டர் புட்டியைக் காட்டி “ஒரே போகத்தில் கார்பன் ஏறிடும்ணா” என்று யாராவது சொன்னால், 900 கிலோ அந்தப் புட்டிக்குள் எப்படி அடங்கியது என்று மட்டும் கேளுங்கள்.

சேர்ப்பது கடினம் என்றால் செலவைக் குறைப்பதுதான் புத்தி. ஒவ்வொரு உழவும் மண்ணைக் கிளறி, காற்றை ஊட்டி, கரிமம் எரிவதை விரைவாக்குகிறது. வெறும் மண் வெயிலில் கிடந்தால் அதுவும் செலவுதான். அதன்மேல் விழும் மழைத்துளி உருண்டைகளை உடைத்து, மேலே ஓடு கட்டிவிடும். நிலக்கடலை போட்டு மழை பெய்து காய்ந்ததும், முளை மேலே வர முடியாமல் வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கரும்புச் சோகையோ மக்காச்சோளத் தட்டையோ, மாட்டுக்குப் போனது போக மிச்சத்தை மூடாக்காகப் பரப்புங்கள். தீ மட்டும் வைக்காதீர்கள்.

சேர்ப்பதற்கும் நம்மிடம் வழி இருந்தது. தண்ணீர் உள்ளவர்கள் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, 45 நாளில் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள். அவற்றின் வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். தண்ணீர் இல்லாதவர்கள் ஆட்டுப்பட்டி போட்டார்கள். இராத்திரி முழுக்க ஆடு படுத்து எழுந்தால், புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்திலேயே எரு, சுமைகூலி கிடையாது. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்ற ஏற்பாடு இன்னும் இருக்கிறது. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப்புல், மேய்ந்துகொண்டு மாடும் ஆடும். வறண்ட நிலத்தை உழுது சாகடிக்காமல் புல்லுக்கு விட்டுவைத்த அறிவு அது. ஒரு வகையில் கொறங்காடு என்பது முழுத் தோட்டத்தையும் வேலியோரம் ஆக்கிய ஏற்பாடு.

மண் வாகை மாற்ற முடியாது என்று சொன்னேன். அதற்கும் ஒரு குறுக்குவழி கண்டிருந்தார்கள், குளத்தடியில் படியும் களி மிகுந்த வண்டல். மணல் கலந்த செம்மண்ணில் வண்டல் அடித்தால், இல்லாத களி வந்து சேருகிறது. பெட்டிக்கடை கொஞ்சம் பெரிதாகிறது. அரசின் ஏரி குளங்களில் உழவர்கள் கட்டணமில்லாமல் வண்டல் எடுக்க 2017-இல் வழி செய்யப்பட்டது. ஆனால் எடுக்குமுன் உப்பு பார்த்துவிடுங்கள். சாயக்கழிவு படிந்த குளம் என்றால் ஒரு கூடை கூட வேண்டாம்.

பந்தியில் உப்பு

உரமே வேண்டாம் என்று நான் பேசப்போவதாகச் சிலர் எதிர்பார்க்கலாம். இல்லை. அறுவடையில் தானியத்தோடு தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் வண்டியேறிச் சந்தைக்குப் போகின்றன. போனதைத் திருப்பி வைத்தாக வேண்டும். கேள்வி, எதை, எவ்வளவு என்பது.

பந்தியில் உப்பு இல்லாவிட்டால் இன்னும் நாலு கரண்டி சோறு வைத்து அதைச் சரிக்கட்ட முடியாது. எந்தச் சத்து குறைவோ அதுதான் விளைச்சலை முடிவுசெய்யும் என்பதை ஜெர்மனியின் கார்ல் ஸ்ப்ரெங்கல் 1828-இல் சொன்னார், அதே நாட்டின் வேதியியலார் லீபிக் 1840-க்குப் பிறகு உலகறியச் செய்தார். நாமோ எந்தக் குறைக்கும் யூரியாவையே வைக்கிறோம். காரணம் அறியாமை மட்டும் இல்லை, விலையும்தான். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 2010-இல் மத்திய அரசு சத்துக்கேற்ற மானியம் கொண்டுவந்த பிறகு மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலை ஏறியது. யூரியா அந்தத் திட்டத்துக்கு வெளியே, பழையபடி கட்டுப்பாட்டு விலையில் நின்றது. சோறு மலிவு, உப்பு விலை அதிகம் என்றால் பந்தி எப்படி இருக்கும்?

இதற்குச் சாட்சி வெகு தூரத்தில் இல்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843-இல் தொடங்கிய வயலைப் போல, ஒரு பாத்திக்கு ஒன்றுமே இல்லை, ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மூன்று சத்தும், ஒன்றுக்குத் தொழு உரம் என்று நூறாண்டு தாண்டியும் மாற்றாமல் நடத்துகிறார்கள். தழைச்சத்தை மட்டும் தின்ற பாத்தி தாக்குப்பிடிக்கவில்லை. மூன்று சத்தும் அளவோடு பெற்ற பாத்தியும், எருப் பாத்தியும் விளைச்சலை விட்டுவிடவில்லை. எருப் பாத்தியில் கரிமமும் கூடியிருக்கிறது. மூன்று தலைமுறை விஞ்ஞானிகள் பொறுமையாகக் கேட்ட கேள்விக்கு மண் சொன்ன பதில் இது.

இந்த மூன்று பேரூட்டமும் சரியாக இருந்தும் பயிர் வாடினால் நுண்ணூட்டத்தைப் பாருங்கள். மக்காச்சோளக் குருத்து வெளுத்தால் துத்தநாகம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். நிலக்கடலையின் இளம் இலை நரம்பு பச்சையாகவும் நடு மஞ்சளாகவும் இருந்தால் இரும்பு. வேடிக்கை என்னவென்றால், செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். ஆனால் சுண்ணாம்பு மிகுந்து கார அமில நிலை 8-ஐத் தாண்டினால் அந்த இரும்பு கரையாது. பெட்டி நிறையப் பணம், சாவி இல்லை. அதனால்தான் இலைவழியாக இரும்பு சல்பேட் தெளிக்கிறோம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரையே பாய்ச்சி வந்தால் இந்தக் காரம் கூடலாம். அதில் சோடியம் மிகுந்திருந்தால் களித்துகள்களை ஒன்றையொன்று தள்ளிவிட்டு, கட்டிய வீட்டையும் கலைத்துவிடும். ஆகவே மண்ணோடு கிணற்றுத் தண்ணீரையும் சோதியுங்கள்.

இரண்டு பொட்டலம்

மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் வந்தது, 12 அளவுகள் இருக்கும். “பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் எனக்கும் ஒரே நம்பர் போட்டிருக்காங்க” என்று பலர் குறைப்படுகிறார்கள். அந்தத் திட்டத்தில் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்றுதான் மாதிரி எடுத்தார்கள். அந்தச் சதுரத்துக்குள் விழுந்தவர்களுக்கெல்லாம் ஒரே அட்டை. உங்கள் தோட்டத்துக்கு உண்மை தெரிய வேண்டுமானால் நீங்களே எடுங்கள். பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ வடிவில் அரை அடி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து சுரண்டி, கலந்து, கால்பங்கிட்டுக் குறைத்து, அரைக் கிலோவை மண் சோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். எருக்குழி அருகே, மர நிழலில், வரப்பில், வேலியோரத்தில் எடுக்கக்கூடாது என்பது விதி. அங்கே எடுத்தால் வயலின் கணக்கு பொய்யாகும். விதி சரியானது.

ஆனால் நான் இன்னொரு பொட்டலமும் கேட்கிறேன். விதி வேண்டாம் என்ற அதே வேலியோரத்திலிருந்து, தனியாக, தனிப் பெயர் எழுதி. பாடநூல் சொல்லும் உத்தம மண் உங்கள் ஊருக்கு வராது. காவிரிப் படுகை வண்டலோடு உங்கள் செம்மண்ணை ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை. உங்கள் மண் எவ்வளவு நன்றாக இருக்க முடியும் என்பதற்கான அளவுகோல் உங்கள் வேலிக்கு அடியிலேயே இருக்கிறது. அதே பாறை, அதே மழை, அதே வெயில். இரண்டு சோதனைச் சீட்டிலும் உள்ள கரிம எண்ணைக் கழித்துப் பாருங்கள். அந்த மிச்சம், தாத்தா காலத்திலிருந்து இந்த வயல் செலவழித்த தொகை. வேலியோரம் உழவில்லாமல், அறுவடையில்லாமல் இருந்தது, வயல் நமக்குச் சோறு போட்டது, அதனால் முழுத் தொகையையும் திருப்ப முடியாதுதான். பாதியைத் திருப்பினாலும் வயல் வேறு வயலாகிவிடும்.

கண்ணு, மறுபடி மேடைக்கு வா. டம்ளர்களைத் தூக்கிக் காட்டு. என்ன தெரிகிறது, சொல்.

“இதுல தண்ணி செவப்பா கலங்கியிருக்குதுங்க சார். இதுல அந்தப் பக்கம் இருக்கிறவங்க முகம் தெரியுது.”

சரியாகச் சொன்னாய். அந்தச் சிவப்புத் தண்ணீரை நீங்கள் எல்லோரும் முன்பே பார்த்திருக்கிறீர்கள். ஐப்பசி மழையில் ஓடையில் போவது அதுதான். அதில் போவது பெரும்பாலும் களி. நம் பெட்டிக்கடையின் இருப்பு.

வீட்டுக்குப் போனதும் உங்கள் தோட்டத்து மண்ணில் இதைச் செய்து பாருங்கள். செலவு இல்லை, ஐந்து நிமிட வேலை. அடுத்த கோடையில் மறுபடி செய்யுங்கள், அதற்கடுத்த கோடையிலும். வயல் கட்டி கரைய ஒரு நிமிடம் எடுத்தது இரண்டு நிமிடம் ஆனால், நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள் என்று பொருள். டம்ளரை மட்டும் நன்றாகக் கழுவி வைத்துவிடுங்கள், வீட்டில் திட்டு வாங்கினால் நான் பொறுப்பல்ல.